ஹாலுக்கு இவ்வளவு வாங்கியும் அறை சேர்ந்து வரவில்லை, அடுத்து எதை வாங்கலாம்?

மூன்றாம்மாடி:

எங்கள் ஹால் 10 அடி அகலம், 16 அடி நீளம். குறுகிய சுவர் ஒன்றில் ஜன்னல், எதிர்ச்சுவரில் வாசல் கதவு. வாடகை வீடு. பெயின்ட் மாற்ற முடியாது, ஆணி அடிக்கலாமா என்று கேட்டாலே வீட்டு உரிமையாளரின் முகம் மாறுகிறது. நீளச் சுவரை ஒட்டி சாம்பல் நிறத்தில் மூன்று பேர் உட்காரும் சோபா, எதிரே டிவி ஸ்டாண்டு, நடுவில் 3க்கு 5 அடியில் ஒரு கம்பளம், அதன்மேல் சின்ன டீப்பாய்.

கொஞ்ச காலமாக வீட்டு அலங்காரப் படங்களாகப் பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்த்ததில் பித்தளை நிற மெழுகுவத்தித் தாங்கி, வட்டக் கண்ணாடி, மேடு பள்ளமான பீங்கான் ஜாடி, பின்னல் கூடைகள், கோட்டோவியங்கள், குஷன்கள் என்று நிறைய ஆகிவிட்டது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாம் சேர்ந்து அறைக்குள் நிற்கும்போது கடை அலமாரி மாதிரி ஆகிவிடுகிறது. ராத்திரியில் இன்னும் மோசம். மேலே ஒரே டியூப் லைட், அதைப் போட்டதும் சோபா, சுவர், மனிதர்கள் எல்லாரும் ஒரே நிறம்.

கையில் இருக்கும் பணத்துக்கு இன்னும் ஒன்றோ இரண்டோ பெரிய பொருள் வாங்கலாம். எனக்கு அடர்பச்சை வெல்வெட் நாற்காலி ஒன்றின் மேல் கண். கணவர், டிவிக்குப் பின்னால் ஒட்டும் வால்பேப்பர் போட்டால் போதும், அறையே மாறிவிடும் என்கிறார். இதில் எது? இல்லை, இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவதா?


விளக்குப்பித்து:

நாற்காலியும் இப்போது வேண்டாம், வால்பேப்பரும் வேண்டாம். விளக்கு வாங்குங்கள். கூரையில் ஒரே டியூப் லைட் எரியும் அறையில் என்ன வைத்தாலும் எடுபடாது. எல்லா மூலையிலும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் கண்ணுக்கு எங்கே நிற்பது என்றே தெரியாது, அந்தப் பீங்கான் ஜாடியின் மேடு பள்ளமும் தெரியாது, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வந்து ஒரு பக்கம் நிழல் விழுந்தால்தானே அதற்கு உருவம் வரும்.

டியூப் லைட்டைக் கழற்ற வேண்டாம். வீடு பெருக்கவும், சோபாவுக்கு அடியில் போன பொருளைத் தேடவும் அது இருக்கட்டும். மாலை நேரத்துக்கு மூன்று விளக்கு, மூன்றும் வேறு வேறு உயரத்தில். சோபாவின் ஓரத்தில் ஒரு ஸ்டாண்டு விளக்கு, டிவிக்குப் பக்கத்தில் சின்ன மேசை விளக்கு, ஜன்னல் மூலையில் தாழ்வாக ஒன்று. எல்லாமே பிளக்கில் செருகுவதுதான், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விளக்குக் கூட்டின் கீழ்விளிம்பு, நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது கண் இருக்கும் உயரத்துக்கு வரவேண்டும், தரையிலிருந்து ஏறக்குறைய 40 இன்ச். அதற்கு மேலே போனால் பல்பு நேராகக் கண்ணில் அடிக்கும்.

பல்பு வாங்கும்போது வாட்டை விட்டுவிட்டு, வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமனைப் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சம் 800 லூமன் வாக்கில், அதை இப்போது 8 முதல் 10 வாட் எல்.இ.டி. கொடுத்துவிடுகிறது. அப்படி மூன்று போட்டால் உங்கள் 160 சதுர அடிக்குப் போதும். வெளிச்சத்தின் நிறத்துக்கு 2700 அல்லது 3000 கெல்வின், இந்த எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. பெட்டியில் 6500 என்று போட்டிருந்தால் அதைத்தான் நீங்கள் இப்போது திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ரொம்ப முக்கியம், மூன்றிலும் ஒரே எண் இருக்கட்டும், ஒன்று மஞ்சளும் ஒன்று நீலமுமாக எரிந்தால் அதற்கு டியூப் லைட்டே மேல். அப்புறம் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கான எண், உச்சம் 100. சாதாரண எல்.இ.டி. பல்புகள் 80ஐச் சுற்றி நிற்கும். 90க்கு மேல் தேடி எடுங்கள், மரத்தின் சிவப்பும் மனிதத் தோலும் உயிரோடு தெரிவது அதில்தான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைக்கும் எண்ணம் இருந்தால் டிம்மருக்கு ஏற்ற பல்பா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள், எல்லா எல்.இ.டி.யும் குறையாது, சில மினுக்கும்.

விளக்கு விலை அதிகமாக இருக்கவேண்டும் என்றில்லை. சிற்பி இசாமு நோகுச்சி 1951ல் ஜப்பானின் கிஃபு ஊருக்குப் போய், அங்கே காலங்காலமாகச் செய்துவந்த காகித விளக்குகளைப் பார்த்துவிட்டுத்தான் அக்காரி என்ற விளக்கு வரிசையை ஆரம்பித்தார். காகிதத்துக்குள் பல்பு, வெளிச்சம் பரவி மென்மையாக வரும், அவ்வளவுதான் சூட்சுமம். அவருடைய அசல் விலை கூடுதல், ஆனால் சாதாரணக் காகித உருண்டையும் வெளிச்சத்தை அதே விதத்தில்தான் பரப்புகிறது. டென்மார்க்கின் விளக்கு வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சன் 1920களில் மூன்று தட்டுகளை அடுக்கி விளக்கு செய்ததும் இதே கவலையில்தான், எந்தக் கோணத்தில் உட்கார்ந்தாலும் பல்பு நேராகக் கண்ணில் படக்கூடாது. ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது, இன்னும் நாம் பல்பை மொட்டையாகத் தொங்கவிட்டு அதற்கு தொழிற்சாலைப் பாணி என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.


சதுரஅடி:

விளக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் பட்டது அந்த 3க்கு 5 கம்பளம். மூன்று பேர் சோபா என்றால் நீளம் குறைந்தது 6 அடி, 7 அடியும் இருக்கலாம். அதற்கு முன்னால் 5 அடிக் கம்பளம் போட்டால் அது நடுத்தரையில் தனித்தீவாகக் கிடக்கும், சோபா ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம், இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. அறை ஒட்டவில்லை என்று நீங்கள் சொல்வதில் பாதி இதுதான். சோபாவின் முன்கால்கள் கம்பளத்தின் மேல் ஏற வேண்டும், சோபாவின் இரண்டு பக்கமும் அரையடியாவது கம்பளம் வெளியே தெரிய வேண்டும். உங்களுக்கு 6க்கு 9 சரியாக இருக்கும். சின்ன அறைக்குச் சின்னக் கம்பளம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், நடப்பது தலைகீழ், கம்பளம் சின்னதானால் அறையும் சின்னதாகத் தெரியும்.

அகலத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோபாவின் ஆழம் 3 அடி, டிவி ஸ்டாண்டு ஒன்றேகால் அடி என்று வைத்துக்கொண்டால் நடுவில் மிச்சம் ஐந்தேமுக்கால் அடி. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 15 இன்ச், அதாவது ஒன்றேகால் அடி விடவேண்டும், அதற்குக் குறைந்தால் முழங்கால் இடிக்கும், கூடினால் கை எட்டாது. டீப்பாய் ஒன்றேமுக்கால் அடி அகலம் என்றால் டிவி பக்கம் இரண்டேமுக்கால் அடி வழி கிடைக்கிறது. ஆள் தாராளமாக நடக்க இரண்டரை முதல் மூன்று அடி வேண்டும் என்பார்கள், ஆக உங்கள் அறை இதற்குச் சரியாக இடம் கொடுக்கிறது, ஆனால் அகலவாக்கில் இனி ஒரு பொருளும் நுழையாது. சுவரோரம் வைக்கும் கன்சோல் மேசை, முதுகில்லாத மெத்தை இருக்கையான பூஃப், எதுவானாலும் நீளவாக்கில்தான் போகவேண்டும்.

அதனால் பச்சை நாற்காலிக்கு ஒரே இடம் ஜன்னலோரம், சோபாவைப் பார்த்துச் சற்றுத் திரும்பினாற்போல். பக்கத்தில் மேலே சொன்ன தாழ்வான விளக்கு. 16 அடி நீளத்தில் 10 அடி டிவி பார்க்கும் இடம், ஜன்னல் பக்கத்து 4 அடி படிக்கும் இடம், கதவுப் பக்கம் மிச்சம் உள்ளே வருகிற இடம். நீளமான அறையை ஒரே அறையாக நினைத்துத் தளவாடம் போட்டால்தான் தொல்லை, இரண்டு மூன்று இடமாகப் பிரித்துவிட்டால் அந்த நீளமே வசதி.

வாங்குவதற்கு முன் தரையில் செய்தித்தாளைக் கம்பள அளவுக்கு ஒட்டி வைத்து ரெண்டு நாள் அதன்மேல் நடந்து பாருங்கள். நாற்காலிக்கும் அப்படியே. காகிதத்தில் அளந்தது காலில் வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று, திரைச்சீலை பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. ஜன்னலின் சட்டத்தை ஒட்டிக் குட்டையாகத் தொங்குகிறது என்று ஊகிக்கிறேன். கம்பியை சட்டத்துக்கு மேலே 6 இன்ச்சாவது ஏற்றி, இரண்டு பக்கமும் அரையடி முதல் ஓரடி வரை நீட்டி, துணி தரையைத் தொடும்படி விடுங்கள். ஜன்னல் பெரிதாகத் தெரியும், திறக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காததால் பகலில் வெளிச்சமும் கூடும். துணியின் மொத்த அகலம் கம்பியைப் போல் இரண்டு மடங்கு வேண்டும், இல்லாவிட்டால் மூடும்போது போர்வையை விரித்துக் கட்டினாற்போல் இருக்கும். உரிமையாளரிடம் ஓட்டை போட ஒரே ஒரு அனுமதிதான் கேட்கமுடியும் என்றால் அதை இதற்குக் கேளுங்கள், ஓவியத்துக்கு வேண்டாம்.


வெறுஞ்சுவர்:

ரெண்டு பேரும் வாங்கச் சொல்கிறீர்கள். அறையில் ஏற்கெனவே பொருள் கூடிப்போய்த்தான் இவர் கேள்வியே கேட்கிறார்.

சோபா, டிவி, டீப்பாய் தவிர மிச்சம் எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு உள்ளறையில் கொண்டு வையுங்கள். வெறும் ஹாலில் இருந்து பாருங்கள். எந்தப் பொருளை நினைத்து உள்ளே போய் எடுத்துவரத் தோன்றுகிறதோ அது மட்டும் திரும்பி வரட்டும். என் வீட்டில் இப்படிப் போன கூடைகள் திரும்பி வரவே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் பார்த்து மயங்கும் படங்கள் அகலக்கோண லென்ஸில், ஆளின் இடுப்பு உயரத்திலிருந்து, பகலில், கூரை விளக்கை அணைத்துவிட்டு எடுத்தவை. 10 அடி அறை அதில் 14 அடியாகத் தெரியும். எடுப்பதற்கு முன் வயர்களை மறைப்பார்கள், ரிமோட்டை எடுத்துவிடுவார்கள், சார்ஜர், செருப்பு, மருந்து டப்பா எதுவும் இருக்காது. அந்த அறையில் இருப்பதை வாங்கினால் அந்த அறை வராது, அந்த அறையில் இல்லாததை மறைத்தால் ஓரளவு வரும். அதனால் காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் கதவு வைத்த ஒரு தாழ்வான அலமாரி வாங்குங்கள், திறந்த ஷெல்ஃப் வேண்டாம். திறந்த ஷெல்ஃப் என்பது தினமும் அடுக்கிவைக்க வேண்டிய இன்னொரு வேலை. டிவிக்குப் பின்னால் தொங்கும் வயர்களை ஒரு துணி உறையில் சேர்த்துக் கட்டி ஸ்டாண்டின் கால் வழியாக இறக்கினாலே எதிர்ச்சுவரின் இரைச்சல் பாதி குறையும்.


தச்சன்மகள்:

பச்சை நாற்காலியின் பக்கம் பேச யாரும் இல்லை போலிருக்கிறது, நான் பேசுகிறேன். சாம்பல் சோபா, பித்தளை, பின்னல் கூடை எல்லாம் இருக்கும் அறையில் அடர்பச்சை நன்றாகவே உட்காரும். ஆனால் சதுரஅடி சொன்னதுபோல் ஜன்னலோரம் போடுவதானால் நேர்வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று முதலில் பாருங்கள். பருத்தி வெல்வெட் வெயிலில் வெளுக்கும், அடர்நிறத்தில் அது சீக்கிரம் தெரியும். பாலியெஸ்டர் வெல்வெட் அதைவிடத் தாங்கும், கறையும் எளிதில் ஏறாது, தொடும்போது கொஞ்சம் வழுக்கும், அது உங்கள் இஷ்டம். வெல்வெட்டுக்கு மயிர் ஒரு பக்கமாகப் படுத்திருக்கும், கையால் மேலும் கீழும் தடவினால் நிறம் மாறித் தெரியும், அது குறை இல்லை, அப்படித்தான் இருக்கும்.

துணிக்கு மார்ட்டின்டேல் என்று ஓர் உரசல் சோதனை எண் உண்டு. விற்பவரிடம் கேளுங்கள், 25,000ஐத் தாண்டினால் தினமும் உட்கார்ந்தாலும் கவலையில்லை. எண் தெரியாது என்று சொன்னால் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நெசவு சல்லடையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். உட்காரும் இடத்து ஃபோம் கன மீட்டருக்கு 32 கிலோவாவது இருக்கட்டும், அதற்குக் குறைந்தால் சீக்கிரம் குழி விழும். நாற்காலியின் முன்கால் ஒன்றை ஓர் அரையடி தூக்குங்கள், பக்கத்து முன்காலும் கூடவே எழுந்தால் சட்டம் இறுக்கமாக இருக்கிறது. அது தரையிலேயே நின்றால் உள்ளே ஏதோ தளர்வு, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கதவு வைத்த அலமாரி யோசனை எனக்கும் பிடித்தது. பலகை என்ன என்று கேட்டு வாங்குங்கள். பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்துகளைப் பசையில் அழுத்தியது, ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ஊதிப்போகும், ஒருமுறை கழற்றிய திருகு திரும்பப் பிடிக்காது. வாடகை வீடு என்றால் கழற்றி மாட்டுவது வரும்தானே, அதற்கு பிளைவுட்தான் லாயக்கு. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். கதவுக்கும் பெயின்ட்டுக்கும் வழவழப்பாக நன்றாக வரும், நீளத் தட்டுக்கு வேண்டாம், தொய்யும். தட்டின் தடிமனை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகும், அதனால் 18 மி.மீ. தட்டில் புத்தகம் அடுக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டரை அடிக்கு மேல் தாங்கு இல்லாமல் விடாதீர்கள், இல்லை, தடித்த தட்டாகப் பாருங்கள்.

கழற்றி மாட்டும் தளவாடம் என்றால் மட்டம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, அது தப்பு. வியன்னாவின் தோனெட் என்ற தளவாட நிறுவனத்தின் 14ஆம் எண் நாற்காலி 1859லேயே வந்தது. நீராவியில் வளைத்த மரம், ஆறு துண்டு, பத்து திருகு, இரண்டு நட்டு. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலியைப் பிரித்து அடைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள், இன்றைக்கும் அந்த உருவம் காபிக் கடைகளில் நிற்கிறது. பிரிப்பதிலே தப்பில்லை, எதில் திருகு ஏறுகிறது என்பதில்தான் விஷயம்.


மூன்றாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக வரும் என்று நினைக்கவில்லை. செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன், 6க்கு 9 உண்மையிலேயே சரியாக வருகிறது, கணவரும் அதன்மேல் நடந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆனால் வால்பேப்பரை அவர் விடுவதாக இல்லை. பிரித்தால் சுவர் பெயின்ட் கூடவே வந்துவிடுமா? செடி வைக்கலாமா, காற்றும் சுத்தமாகும் என்கிறார்களே? அந்த வட்டக் கண்ணாடியை எங்கேதான் மாட்டுவது?


தச்சன்மகள்:

வால்பேப்பர் சுவரைப் பொறுத்தது. வழவழப்பான, பளபளப்புள்ள பெயின்ட் என்றால் பெரும்பாலும் சுத்தமாக உரியும். கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிற சுவர் என்றால் ஒன்று வால்பேப்பர் ஒட்டாது, இல்லையென்றால் உரிக்கும்போது தோலோடு வரும். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் என்றால் நாலு வாரமாவது ஆறவேண்டும். டிவிக்குப் பின்னால் மறைவான இடத்தில் ஒரு சாண் துண்டு ஒட்டி, ஒரு வாரம் விட்டு, மெதுவாக உரித்துப் பாருங்கள். சுவர் ஈரம் இழுக்கிற சுவர் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், வால்பேப்பருக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும்.


வெறுஞ்சுவர்:

செடி அழகுக்கு வைக்கலாம், காற்றுக்கென்று வைக்கவேண்டாம். அந்தக் கதை 1989ல் நாசா செய்த ஆய்விலிருந்து வந்தது, அது காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. 2019ல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், வீட்டில் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாகவேண்டும் என்றால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை தேவைப்படும் என்றார்கள். ஜன்னலைத் திறப்பது சுலபம்.

ஹாலின் உள்பக்கம் வெளிச்சம் குறைவு என்பதால் ஸ்னேக் பிளான்ட், ஜீஜீ பிளான்ட், மணி பிளான்ட் இந்த மூன்றில் ஒன்று. முதல் இரண்டும் தண்ணீர் ஊற்ற மறந்தால் சாகாது, ஊற்றிக்கொண்டே இருந்தால் சாகும். குட்டிக் குட்டியாக ஆறு தொட்டி வேண்டாம், உயரமாக ஒன்று, அந்தக் கூடையில் ஒன்றை எடுத்து அதற்குள் தொட்டியை இறக்குங்கள். பாருங்கள், கூடைக்கும் வேலை வந்துவிட்டது.


விளக்குப்பித்து:

வட்டக் கண்ணாடியை ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டு என்று எல்லாரும் சொல்வார்கள். உங்களுக்கு அங்கே கதவு, அதை விடுங்கள். டிவி ஸ்டாண்டு முடிந்து ஜன்னல் பக்கம் மிச்சமிருக்கும் நீளச்சுவரில் வைத்தால் பகல் வெளிச்சத்தை உள்ளே தள்ளும், 10 அடி அகலமும் கொஞ்சம் கூடினாற்போல் இருக்கும்.


சதுரஅடி:

அதற்கு முன் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, அந்த இடத்தில் கணவரைக் கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி, அதில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். டியூப் லைட்டோ செருப்பு ஸ்டாண்டோ தெரிந்தால் அதை இரண்டு தடவை பார்க்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான் கண்ணாடியின் சாதனை. எடை குறைவு என்றால் ஒட்டுப்பட்டைக் கொக்கி தாங்கும், கொக்கியின் அட்டையில் போட்டிருக்கும் கிலோவில் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். கனமானால் தாழ்வான அலமாரியின் மேல் சாய்த்து வையுங்கள், அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டிவிட்டு.

அந்த ஜன்னல் எந்தத் திசை பார்த்தது? அதைச் சொல்லுங்கள், வெல்வெட் விஷயத்தையும் கம்பளத்தின் நிறத்தையும் அப்புறம் பேசலாம்.